மெழுகு நாக்குகளின் காவல்காரி

எர்மெலிந்தா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யக்கூடிய ஆள் மொந்தெகார்தோ மலையூரில் கிடையாது. கல்யாண விருந்தில் ஊரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சுவரோரம் நின்று பாலாடைக்கட்டியைக் கடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பூசையில் பிரசங்கம் நீண்டால் எழுந்துபோய், நன்றாக எரிந்துகொண்டிருக்கும் திரிகளை இன்னொரு தடவை கிள்ளிவிட்டு வருவாள். தூக்கத்திலும் அவள் கால் சும்மா இருந்ததில்லை. போர்வைக்குள் நடந்து நடந்து, விடியும்போது கட்டில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். எப்போதும் ஒரே திசையில்தான் நகரும், கிழக்கே. கிழக்கு ஜன்னலைத் திறந்தால், மூட்டம் இல்லாத நாளில், மலைகளுக்கு அப்பால் ஒரு நீல நூல் தெரியும். அது கடல்.

அந்த நூலைப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பது வயது தாண்டியும் அவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. பேருந்தில் அரை நாள் பயணம்தான். ஆனாலும் போனதில்லை. காரணம், அவள் இடுப்பில் தொங்கிய சாவி. சாவிக்குக் காரணம் அவள் அண்ணன். அவன் செத்துப்போய் இரண்டு பெரிய போர்கள் வந்து போயிருந்தன.

பான்ஃபிலோ ஒன்பது வயதில் செத்தவன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு: பொய் சொல்ல வராது. மந்தைக்கு வரி போட அதிகாரி வந்தபோது அப்பா குரலைத் தாழ்த்தி, "ஏதோ கொஞ்சம் கிழட்டு ஆடுங்க இருக்குங்கய்யா" என்று இழுத்தார். பையன் உதவி செய்யும் நல்ல எண்ணத்தில், "அப்பா, மேல் கொட்டாயில அடைச்சு வச்சிருக்கற கொழுத்த ஆடுங்களை மறந்துட்டீங்க" என்றான். அப்பா அவனைத் துரத்திய துரத்தலில் மலையே ஒரு சுற்று இளைத்துப்போனது. தங்கை எர்மெலிந்தா, எல்லோருக்கும் லிந்தா, அத்திப்பழ ஜாம் திருடியது, அப்போதைய பங்குச் சாமியார் பூசைக்கு முன்பே ஒயினைச் சுவைத்துப் பார்த்தது, எதுவும் அவனிடமிருந்து தப்பவில்லை. கோள் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்குக் கிடையாது. கேட்டார்கள், சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் சினையாடு அப்பாவின் மந்தையில் கலந்துவிட்டது. அப்பா அதற்கும் தன் அடையாளமாகக் காதை வெட்டி, ஒன்றும் தெரியாதவர்போல் இருந்துவிட்டார். பான்ஃபிலோ யாரிடமும் சொல்லாமல் ஆட்டுக்குக் கயிறு கட்டி, இடுப்பளவு பனியில் இழுத்துக்கொண்டுபோய் உரியவர் வீட்டில் சேர்த்துவிட்டு வந்தான். வந்தவன் படுத்தான். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. சாகும் நாளில் அம்மா, "வலிக்குதாடா கண்ணு?" என்று கேட்டாள். சுற்றி நின்ற பெண்கள், இந்த மாதிரிப் பிள்ளைகள் சொல்லும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்: இல்லை அம்மா, வானத்துச் சம்மனசுகள் என்னைத் தாங்குகிறார்கள் என்பதுபோல் ஏதாவது. அவன், "ரொம்ப வலிக்குதும்மா" என்றான்.

ஊரை அவன் பக்கம் சாய்த்தது அந்தப் பதில்தான்: சாகும்போதும் பொய் சொல்லாத பிள்ளை. செத்தபிறகு அவனுடைய முதல் அற்புதம், ஊர் வாயில் புதுமை, கோவேறு கழுதை வியாபாரிக்கு நடந்தது. நொண்டிக் கழுதையை நல்ல கழுதை என்று சொல்லி, பான்ஃபிலோவின் கல்லறைமேல் கையடித்துச் சத்தியம் செய்தவருக்கு அதே இடத்தில் குரல் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வாயைத் திறந்தால் கழுதைக் குரல்தான் வந்தது. லாயத்தில் இருந்த கழுதை அவருக்கு மறுமொழி சொன்னதாகவும், இருவரும் கடைசியில் விலையில் ஒத்துப்போனதாகவும் கேள்வி. அதற்குப்பிறகு திக்குவாய்க் குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். பேச்சு வராத பிள்ளைகள் வந்தார்கள். பேச்சு நிற்காத மாமியார்களையும் மருமகள்கள் கூட்டி வந்தார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் மெழுகில் நாக்கு செய்து கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் வெள்ளியில் செய்தார்கள். கல்லறைமேல் ஒரு சின்னக் கோயில் எழும்பி, அதன் சுவர் முழுக்க நாக்குகள் தொங்கின. காற்றடித்தால் வெள்ளி நாக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அந்தக் கோயிலின் சாவிதான் லிந்தாவின் இடுப்பில் தொங்கியது.

அண்ணன் புனிதன் என்றால் தங்கைக்கு என்ன வாழ்க்கை? அவள் பாவாடை ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். வழக்குக்குப் போகிறவர்கள் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்; பொய்ச்சாட்சி சொல்லப்போகிறவர்கள் தெருவை மாற்றிக்கொண்டார்கள். ஊர் நடனத்தில் அவளை யாரும் அழைக்கவில்லை. உல்தெரிகோ என்று ஒருவன் மட்டும் கொஞ்சகாலம் சுற்றிவந்தான். அவன் தாய்தான் பயந்துபோனாள். "அந்த வீட்டுப் பொண்ண கட்டிக்கிட்டா, ஒயின் கடைக்குப் போனத எப்படிடா மறைப்ப?" என்று கேட்டாளாம். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினான்.

லிந்தாவும் கிளம்பத்தான் பார்த்தாள், பல தடவை. ஒவ்வொரு தடவையும் பங்குச் சாமியார் தோன் செசீதியோ பேருந்து நிறுத்தத்துக்கே ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொள்வார்.

"நீ போய்ட்டா சாவிய யாருகிட்ட கொடுக்கறது? ரத்த சொந்தம் ஒருத்தர் இருக்கணும்மா. பான்ஃபிலோவ ரோமாபுரி புனிதன்னு அறிவிச்சுப் பீடத்துல ஏத்தட்டும். அவன் எலும்ப பெரிய கோயிலுக்கு எடுத்துட்டு வந்துடுவோம். இந்தக் கல்லறையப் பூட்டிட்டு நீ கடலுக்குப் போ, காட்டுக்குப் போ, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்."

"எப்ப ஏத்துவாங்க சாமி?"

"சீக்கிரம்."

இதைச் சொல்லத் தொடங்கியபோது சாமியாருக்குத் தலைநிறைய முடி இருந்தது.

கடைசியில் ஒரு மே மாதம் செய்தி வந்தேவிட்டது. பான்ஃபிலோவைப் புனிதனாக்கலாமா என்று பார்க்க ஆயர் ஒரு விசாரணைச் சாமியாரை அனுப்புகிறார், பெயர் பல்தஸ்ஸாரே. கோயில் முன் மணியடித்து, ஒயின் பீப்பாயைத் திறந்து, ஊர் ஒரு பொழுது குதித்தது. பிறகு தோன் செசீதியோ விதிகளை எடுத்துப் படித்தார். படித்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சாமி, மூஞ்சி செத்துப்போச்சு?" என்று கேட்டாள் கொன்சேசியா. ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பு அவளுடையது. ஊருக்கெல்லாம் சேதி பரப்புவதும் அவள்தான்.

"ரோமாபுரி சொல்றதுக்கு முன்னாடி நாம அவனப் புனிதனாக் கும்பிட்டிருக்கக் கூடாதாம். கல்லறையில விளக்கு கூடாது. காணிக்கை கூடாது. படத்துல ஒளிவட்டம் கூடாது. அப்படிச் செஞ்சிருந்தா வழக்க மூட்டை கட்டிடுவாங்களாம்."

"கும்பிடாமலே புனிதன் ஆவணுமா? இது என்ன கூத்து?"

"செஞ்சாச்சே, கொன்சேசியா! நாப்பது வருஷத்துக்கு மேலா செஞ்சாச்சே!"

அன்பு வைத்ததே குற்றம் என்று தெரிந்ததும் ஊர் அந்தக் குற்றத்தை ஒளிக்கக் கிளம்பியது. மெழுகு நாக்குகளைக் கூடை கூடையாகக் கொன்சேசியாவின் அடுப்புக்குள் அடுக்கினார்கள். வெள்ளி நாக்குகளைத் தோன் செசீதியோ கோயிலின் உடுப்பு அறை அலமாரியில், பூசை உடுப்புகளுக்குப் பின்னால் திணித்தார். புகையேறிய சுவருக்கு வெள்ளையடித்தார்கள். படத்தில் பான்ஃபிலோவின் தலையைச் சுற்றியிருந்த தங்க ஒளிவட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் அதை ஒரு வைக்கோல் தொப்பியாக மாற்றித் தீட்டினார்கள். ஆடு மேய்க்கிற பையன்தானே, பொருத்தமாகவே இருந்தது. மழைக்குத் தொப்பி சரியாக உதவாது என்று மட்டும் ஒரு கிழவர் குறை சொன்னார்.

லிந்தா அங்கும் இங்கும் ஓடி எல்லாவற்றையும் சுமந்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியை வேறு கட்டிவைத்துவிட்டாள்.

தோன் செசீதியோ அவளைத் தனியே அழைத்தார். "லிந்தா, ஊர்க்காரங்க எல்லாம் சாட்சி சொல்லணும். விசாரணைய உடுப்பு அறையில வைக்கச் சொல்லிடலாம். கல்லறைகிட்ட மட்டும் வேண்டாம். அங்க நின்னு பொய் சொல்ல நம்ம ஆளுங்களுக்குத் தைரியம் வராது. கழுதை வியாபாரி கதைதான் உனக்குத் தெரியுமே."

"எனக்கு அந்த பயமெல்லாம் இல்ல சாமி."

அது உண்மை. மொந்தெகார்தோவில் அந்தக் கல்லறைக்கு அஞ்சாத ஒரே ஆள் அவள்தான். சீக்கிரம் பூட்ட வேண்டுமென்று தோன்றினால், தூரத்திலிருந்து வந்தவர்களிடம், "இன்னிக்குப் புதுமை முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வாங்க" என்று கல்லறைமேல் கைவைத்தே சொல்லியிருக்கிறாள். குரல் போனதும் இல்லை, கழுதையாகக் கத்தியதும் இல்லை. உள்ளே கிடப்பது அவள் காதைக் கடித்த அண்ணன். அவனிடம் என்ன பயம்?

விசாரணைச் சாமியார் பல்தஸ்ஸாரே வந்த காலையில் முதல் தப்பு நடந்தது. கொன்சேசியாவின் மருமகன், விருந்தாளிக்குப் புது ரொட்டி வேண்டுமே என்று, உள்ளே எட்டிப் பார்க்காமல் விறகைச் செருகி அடுப்பைப் பற்றவைத்துவிட்டான். ஊர் முழுக்கத் தேன்கூட்டு வாசனை. எங்கிருந்தோ தேனீக்கள் படையாக வந்து அடுப்பைச் சுற்றின. ஆனாலும் ரொட்டி வெந்துவிட்டது.

ஒல்லியான, தாடை நீண்ட பல்தஸ்ஸாரே ஒரு துண்டை மென்றுகொண்டே, "பிரமாதம். தேன் போட்டுப் பிசைவீங்களோ?" என்றார்.

"ஆமாங்க சாமி," என்றாள் கொன்சேசியா. "மலைத்தேன்." கல்லறை தூரத்தில் இருந்ததால் அவளுக்கு நா குழறவில்லை.

இரண்டாவது தப்பைத் தோன் செசீதியோவே செய்தார். பல்தஸ்ஸாரே, "சாட்சிகள உடுப்பு அறையில வச்சு விசாரிக்கலாமா?" என்று தானாகவே கேட்டுக்கொண்டு போய் அலமாரிமேல் கைவைத்தார். உள்ளே ஒரு வெள்ளி நாக்கு கிணுங்கியது.

"அங்க வேண்டாம் சாமி!" என்று கத்திவிட்டார் தோன் செசீதியோ. "எலி."

"எலியா? மணியடிக்கிற மாதிரி சத்தம் கேட்டுதே."

"பெரிய எலி சாமி."

"அப்படின்னா கல்லறையிலேயே வச்சுக்கலாம். எப்படியும் அதப் பாத்தாகணும். நாற்காலி கொண்டாங்க."

ஊரின் முகத்தில் ஈயாடவில்லை. கல்லறைக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு, பல்தஸ்ஸாரே சாய்ந்தார். புது வெள்ளையடிப்பு அவர் கறுப்பு அங்கியின் முதுகில் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதல் சாட்சியாகக் கழுதை வியாபாரியின் மகன் வந்தான். வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

"இந்த இடத்துல எப்பவாவது விளக்கேத்தி, காணிக்கை வச்சுக் கும்பிட்டது உண்டா?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். தகப்பன் கதி நினைவுக்கு வந்து இருமத் தொடங்கியவன், இருமிக்கொண்டே வெளியேறினான். அடுத்தவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போனது. அதற்கடுத்தவர் தொண்டையில் மீன்முள் என்று சைகை காட்டினார். மலையூரில், அதுவும் மீனே வராத ஊரில். காலையில் மலைத்தேன் என்று மணியாகச் சொன்ன கொன்சேசியா, கல்லறையைப் பார்த்ததும் தலைத்துணியால் வாயைப் பொத்தி, தலையை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலுமாகவும் ஒரே நேரத்தில் ஆட்டினாள். பான்ஃபிலோவை நம்பினார்கள், அதனாலேயே அவனுக்காகப் பொய் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் தொண்டையில ஏதோ வியாதி போல," என்றார் பல்தஸ்ஸாரே. "இனி யாரு பாக்கி?"

எல்லோரும் லிந்தாவைப் பார்த்தார்கள். தோன் செசீதியோவின் உதடுகள் செபத்தில் அசைந்தன. ஒரு சொல். "இல்லை" என்று ஒரே ஒரு சொல். அவள் சொன்னால் அண்ணன் பீடமேறுவான், சாவி இறங்கும், மாலைப் பேருந்து கிழக்கே போகும். அவளால் சொல்ல முடியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"உட்காரும்மா."

"நிக்கறேன் சாமி. பழக்கம்."

"நீங்க அவன் தங்கச்சி. அவன் சாகும்போது பக்கத்துல இருந்தீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. விளக்குக்கும் காணிக்கைக்கும்தான் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"இருந்தேன். எனக்கு ஆறு வயசு. கட்டில் கால்கிட்ட நின்னேன்."

"அம்மாகிட்ட 'ரொம்ப வலிக்குது'ன்னு சொன்னான். அது தெரியும். வேற ஏதாவது சொன்னானா?"

லிந்தா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினாள். சாவியைத் திருகினாள்.

"கேட்டான். பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போனப்பறம் எங்களப் பாத்து, 'நான் சாகப்போறேனா?'ன்னு கேட்டான். அம்மா, 'சேச்சே, நாளைக்கே எந்திரிச்சு ஆடு மேய்க்கப் போவ'ன்னாங்க. அப்பாவும் அதையே சொன்னாரு. அப்ப இருந்த பழைய சாமியாரும் சொன்னாரு. அவன் யார் மூஞ்சியையும் நம்பல. கடைசியா என்னப் பாத்தான். 'லிந்தா, நீ சொல்லு'ன்னான்."

"நீங்க?"

"ஆமான்னேன். அம்மா என்னை ஓங்கி அறைஞ்சாங்க. அவன் மட்டும், 'அப்பாடா'ன்னான். 'நீ ஒருத்திதான் சொன்ன'ன்னான். என் கையப் பிடிச்சுக்கிட்டான். அப்பறம் பேசல."

வெளியே ஊர்க்காரர்களின் இருமல் நின்றிருந்தது. இந்தக் கதையை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. பல்தஸ்ஸாரே அதை எழுதி முடித்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இங்க விளக்கேத்தி, காணிக்கை வச்சுக் கும்பிட்டது உண்டாம்மா?"

பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வழவழப்பான, நல்ல பொய். கல்லறை அதைத் தடுக்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை. ஆனால் இப்போதுதான் அந்தக் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்; சொன்ன சூடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

"உண்டு சாமி," என்றாள். "தினமும் விளக்கு. சுவர் முழுக்க நாக்கு. அவன் தலையில இருக்கறது தொப்பி இல்ல. வெள்ளி நாக்கெல்லாம் உடுப்பு அறையில இருக்கு, எலி இல்ல. மெழுகு நாக்கெல்லாம் கொன்சேசியா அடுப்புல வச்சிருந்தோம்."

பல்தஸ்ஸாரே மெல்லத் தன் வயிற்றைத் தொட்டார். "அப்ப அந்த ரொட்டி?"

"தேன் இல்ல சாமி."

வழக்கு மூட்டை கட்டப்பட்டது. பல்தஸ்ஸாரே முதுகில் வெள்ளையோடும் வயிற்றில் வேண்டுதல்களோடும் மலையிறங்கிப் போனார். ஊர் லிந்தாவைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சுதா உனக்கு?" என்றாள் கொன்சேசியா. இப்போது அவள் குரல் அருமையாக வந்தது.

"உனக்கு ஏன் வரல?"

"எனக்கு பயம்! உனக்கு என்ன கேடு? கூடப் பொறந்தவன கவுத்துட்டியேடி, பாவி! நீ சாவி வச்சுக்க லாயக்கில்ல. குடு இங்க!"

ஊர் மொத்தமும் ஆமாம் போட்டது. தோன் செசீதியோ தரையைப் பார்த்தார். லிந்தா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அவிழ்த்தபோது அவளுக்கே கொஞ்சநேரம் புரியவில்லை, ஏன் இடுப்பு இப்படி லேசாக இருக்கிறது என்று. புரிந்ததும், கொன்சேசியாவின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை அழுத்தி மூடினாள்.

"பத்திரமா வச்சுக்கோ கொன்சேசியா. காலையில எண்ணெய் ஊத்தணும். மழைக்குக் கதவு உப்பும், தோளால இடிச்சுத் தெற. ஊர விட்டு எங்கயும் போக முடியாது, பாத்துக்கோ."

பெட்டி ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அன்று மாலைப் பேருந்தில் அவள் ஏறினாள். காலி இருக்கைகள் இருந்தும் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாளாம்.

இதற்குள் மொந்தெகார்தோவில் கதை வேறு பக்கம் திரும்பியது. கோபம் ஆற ஆற ஊர் யோசித்தது. லிந்தா பொய்யே சொல்லத் தெரியாதவளா? எத்தனை பேரைப் புதுமை முடிந்துபோச்சு என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்! அப்படிப்பட்டவள், தன் விடுதலையே கையில் இருக்கும்போது உண்மையைச் சொன்னாள் என்றால், அவளைச் சொல்லவைத்தது யார்? அறுவடைக்குள் அது பான்ஃபிலோவின் மாபெரும் புதுமை ஆகிவிட்டது. சுவரில் பழையபடி நாக்குகள் ஏறின, முன்னைவிட அதிகமாக. தொப்பியை மறுபடி ஒளிவட்டமாக்க முயன்றதில், அது வைக்கோலால் ஆன ஒளிவட்டமாக நின்றுவிட்டது. கொன்சேசியா சாவியைத் தூக்கிக்கொண்டு, மகள் வீட்டுக்கு ஒரு நடை போய்வரக்கூட முடியாமல், ஊரெல்லாம் புலம்பித் திரிந்தாள்.

கோடை முடியும்போது தோன் செசீதியோ பேருந்தேறிக் கடற்கரைக்கு வந்தார். லிந்தா படகுத்துறையில் மீன்கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெயிலில் கறுத்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். சாமியார் மணலில் தடுமாறி அவளுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"நில்லும்மா! ஒரு நிமிஷம் நில்லேன்! நல்ல சேதி. நீ உண்மை சொன்னதே புதுமைதான்னு ஊரு சொல்லுது. ஆயரும் கேக்கத் தயாரா இருக்காரு. நீ வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லு, 'பொய் சொல்ல வாயத் தெறந்தேன், அவன்தான் தடுத்தான்'னு. அது போதும். வழக்க மறுபடி தொடங்கிடலாம். உனக்கும் கோயில்லயே ஒரு இடம்..."

லிந்தா கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "அவன் தடுக்கல சாமி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாய் என்னுது. பொய் சொல்லத்தான் போனேன், சொல்லவும் முடிஞ்சிருக்கும். நான்தான் சொல்லல. அதுல அவனுக்குப் பங்கு குடுத்தா, அவனே எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லிடுவான்."

சாமியார் மூச்சு வாங்கினார். பெரியவர், பாவம்; நாற்பது வருஷமாகச் 'சீக்கிரம்' என்றே சொல்லிக்கொண்டு வந்தவர். பிறகு கடலைக் கைகாட்டி, "இதுக்குத்தானே இவ்வளவு காலம் தவிச்ச. எப்படி இருக்கு?" என்றார்.

லிந்தா நின்று, திரும்பி, தண்ணீரை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள்.

"மலையிலேருந்து பாக்கும்போது இன்னும் நீலமா இருந்துச்சு சாமி," என்றாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, கரையோரமாகத் தெற்குப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.